தட்டிப் பார்த்த எண்

சதுரங்கப் பலகையும் தானியமும் கதையைக் கேட்காமல் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவர்கள் நம்மில் குறைவு. முதல் கட்டத்தில் ஒரு மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போய் 64 கட்டங்களையும் நிரப்பித் தரச் சொன்னாராம் ஓர் அறிஞர். மொத்தம் 18446744073709551615 மணிகள். கதை சொல்பவர்கள் அரசனின் களஞ்சியம் காலியானதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. இத்தனை மணிகளையும் ஒன்றுகூட மிச்சமில்லாமல் சமமான வரிசைகளாக அடுக்க முடியுமா?

எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைப்பதும், வரிசைக்கு ஒரு மணி வைப்பதும் ஏமாற்று வேலை, அவை சேராது. 12 மணி இருந்தால் நான்கு நான்காக மூன்று வரிசை வைக்கலாம். 13 மணியை எப்படி அடுக்கினாலும் இடிக்கும். அடுக்க முடிந்தவை பகு எண்கள், முடியாதவை பகா எண்கள். வரிசைகளின் எண்ணிக்கைக்குக் காரணி என்று பெயர். இவ்வளவும் ஆறாம் வகுப்புப் பாடம்தான்.

அரசனின் குவியல் 5-இல் முடிகிறது. ஆகவே ஐந்து வரிசையாக அடுக்கலாம், கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ஆனால் இதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. கட்டங்களை இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் இணையில் 1+2, அதாவது 3 மணி. அடுத்த இணையில் 4+8, அதாவது 12. அதற்கடுத்ததில் 48. ஒவ்வொரு இணையும் முந்தையதைப்போல் நான்கு மடங்கு, எனவே எல்லாமே 3-ஆல் வகுபடும். நான்கு நான்காகச் சேர்த்தால் 15, எட்டு எட்டாகச் சேர்த்தால் 255 இதேபோல் வந்துகொண்டே இருக்கும். கட்டங்களைச் சம கூட்டங்களாகப் பிரிக்க முடிந்தால் குவியலும் பிரியும். முழுவதும் பிரித்துப் பார்த்தால் அந்தப் பெரிய எண் 3, 5, 17, 257, 641, 65537, 6700417 என்ற ஏழு பகா எண்களின் பெருக்கல். இதில் 641-க்கும் 6700417-க்கும் தனிப் பெருமை உண்டு. அவற்றின் பெருக்கற்பலன் 4294967297. அதைப் பகா எண் என்று கணித அறிஞர் ஃபெர்மா நம்பியிருந்தார். 1732-இல் இன்னொரு கணித அறிஞர் ஆய்லர் வந்து 641-ஐக் காட்டினார்.

இனி பலகையில் மூன்று கட்டங்களை ஒட்டுவோம். 67 கட்டம். 67 பகா எண் என்பதால் கட்டங்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரிக்கும் வித்தை இங்கே செல்லாது. குவியல் 147573952589676412927 மணிகள். இருபத்தொரு இலக்கம். நம் கணக்கில் சுமார் பதினான்கே முக்கால் லட்சம் கோடி கோடி. இதை வரிசையாக அடுக்க முடியுமா?

இந்தக் கேள்வி இரண்டு நூற்றாண்டுக்கு மேல் உயிரோடு இருந்தது.

1644-இல் பிரெஞ்சுத் துறவி மரேன் மெர்சென் ஒரு நூலில், எத்தனை கட்டம் வரை இப்படி இரட்டித்தால் மொத்தம் பகா எண்ணாக வரும் என்று ஒரு பட்டியல் போட்டார். அதில் 67-உம் இருந்தது. எப்படிக் கண்டுபிடித்தார் என்று அவர் சொல்லவில்லை. 257 வரை போன அந்தப் பட்டியலில் 67, 257 இரண்டும் தவறு, 61, 89, 107 மூன்றும் விட்டுப்போனவை என்று பிறகு தெரிந்தது. 61 என்று எழுதியதுதான் அச்சில் 67 ஆகிவிட்டது என்று மெர்சென்னுக்காக வாதாடியவர்களும் உண்டு. பட்டியலில் பாதி ஊகம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் ஊகத்துக்கும் ஒரு பலன் இருந்தது. இந்த வகை எண்களுக்கு மெர்சென் எண்கள் என்றே பெயர் நிலைத்தது, அடுத்த தலைமுறைகள் அதைச் சரிபார்க்கக் கிளம்பின.

சரிபார்ப்பது எப்படி? பள்ளியில் படித்த வழி, 2, 3, 5, 7 என்று ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துப் பார்ப்பது. வர்க்கமூலம் வரை பார்த்தால் போதும். நம் எண்ணின் வர்க்கமூலம் ஏறத்தாழ 1215 கோடி. அதற்குள் ஐம்பது கோடிக்கு மேல் பகா எண்கள் இருக்கின்றன. விநாடிக்கு ஒரு வகுத்தல் என்று தூங்காமல் போட்டால் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இருபத்தொரு இலக்க எண்ணைக் கையால் ஒரு விநாடியில் வகுப்பவர் யார் என்பது வேறு கேள்வி.

1876-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் எத்துவார் லூகாஸ், இந்த எண் பகா எண் அல்ல என்று அறிவித்தார். சரி, எந்த எண்ணால் வகுபடும்? அது அவருக்குத் தெரியாது. ஒரு காரணியைக்கூட அவர் காட்டவில்லை. காட்டத் தேவையும் இல்லை என்பதுதான் அவருடைய வாதம்.

இது முதலில் கேட்கும்போது ஏமாற்றாகத் தோன்றும். அடுக்க முடியும் என்று சொல்கிறவர் அடுக்கிக் காட்ட வேண்டாமா? சந்தையில் மண்பானை வாங்குகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். பானையைத் தூக்கி விரல் கணுவால் ஒரு தட்டு. கணீரென்று ஒலித்தால் நல்ல பானை. சத்தம் பிசிறினால் எங்கோ விரிசல். விரிசல் எந்த இடத்தில் என்று தேடிக்கொண்டிருப்பதில்லை, பானையைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறோம். எண்களையும் அப்படித் தட்டிப் பார்க்கலாம்.

தட்டும் வழியை முதலில் சொன்னவர் மேலே வந்த அதே ஃபெர்மாதான். 1640-இல் ஒரு கடிதத்தில் எழுதினார், நிரூபணம் தராமல். 7 என்ற பகா எண்ணை எடுத்துக்கொள்வோம். 1, 2, 3, 4, 5, 6 ஒவ்வொன்றையும் இரட்டித்து, 7-ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள். 2, 4, 6, 1, 3, 5 என்று வரும். அதே ஆறு எண்கள்தான், இடம் மட்டும் மாறியிருக்கின்றன. அப்படியானால் பழைய ஆறையும் பெருக்கினாலும் புதிய ஆறையும் பெருக்கினாலும் ஒரே மீதிதான். ஆனால் புதியவற்றில் ஆறு இரண்டுகள் கூடுதலாகச் சேர்ந்திருக்கின்றனவே! அந்த ஆறு இரண்டுகளைப் பெருக்கினால் மீதி 1 என்று இருந்தால்தான் கணக்கு ஒத்துப்போகும். பார்த்தால் 64, அதை 7-ஆல் வகுத்தால் மீதி 1. இரண்டு பக்கமும் பொதுவாக இருக்கும் 1 முதல் 6 வரையான பெருக்கலை நீக்கிவிட்டோம் அல்லவா, அந்த நீக்கம் பகா எண்ணில்தான் தாராளமாகச் செல்லும். ஆகவே 2-ஐவிடப் பெரிய எந்தப் பகா எண்ணுக்கும், அதில் ஒன்று குறைவான தடவை இரண்டைப் பெருக்கினால் மீதி 1 வந்தே ஆக வேண்டும்.

இப்போது 91-ஐத் தட்டுவோம். பார்வைக்குப் பகா எண் மாதிரியே இருக்கும் எண் இது. 90 இரண்டுகளைப் பெருக்க வேண்டும். பயப்பட வேண்டாம், முழு எண்ணை யாரும் கேட்கவில்லை, மீதிதான் வேண்டும். 12 இரண்டுகளைப் பெருக்கினால் 4096. 45 தடவை 91 என்பது 4095. மீதி 1. ஆக 12 இரண்டுகளுக்கு ஒருமுறை மீதி 1-க்குத் திரும்பிவிடுகிறது. 84 இரண்டுகளை இப்படிக் கழித்துவிட்டால் பாக்கி ஆறு. ஆறு இரண்டுகள் 64. மீதி 64 என்று வந்துவிட்டது. 1 வரவில்லை. 91 பகா எண்ணாக இருக்கவே முடியாது. கவனித்தீர்களா, இந்தக் கணக்கில் 7-உம் வரவில்லை, 13-உம் வரவில்லை. 91 என்பது ஏழு பதின்மூன்று என்று தெரியாமலேயே தீர்ப்பு எழுதிவிட்டோம்.

தட்டுவது மலிவு. ஒரு தடவை வர்க்கம் எடுத்தால் இரண்டுகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகிறது. அதனால் கோடி கோடி இரண்டுகளையும் சில பத்துப் படிகளில் பெருக்கிவிடலாம். ஒவ்வொரு படியிலும் மீதியை மட்டும் வைத்துக்கொள்வதால் எண் பெருத்துப்போவதும் இல்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. விரிசல் இருந்தும் கணீரென்று ஒலிக்கும் பானைகள் உண்டு. 341 என்பது 11 தடவை 31. ஆனால் இரண்டால் தட்டினால் மீதி 1 என்று கூசாமல் சொல்லும். நம் 67 கட்டக் குவியலும் இந்த ரகம்தான். பகா எண்ணிக்கையில் கட்டங்கள் கொண்ட எந்தக் குவியலும் இரண்டால் தட்டினால் எப்போதும் நல்ல ஒலிதான் தரும், ஏனென்றால் அது இரண்டுகளாலேயே கட்டப்பட்டது. 3-ஆல் தட்டலாம். லூகாஸ் அதைவிட நயமான ஒரு வழியை அமைத்தார். 1930 வாக்கில் அமெரிக்காவின் டெரிக் லெமர் அதைச் செதுக்கி எளிமையாக்கினார். இன்றும் அதுதான் வழக்கில் இருக்கிறது.

4-இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுத்து 2-ஐக் கழியுங்கள். சோதிக்க வேண்டிய எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதியை மறுபடி வர்க்கம் எடுத்து 2-ஐக் கழியுங்கள். கட்டங்களின் எண்ணிக்கையைவிட இரண்டு குறைவான தடவை இதைச் செய்ய வேண்டும். கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை, போலி ஒலி கிடையாது.

ஐந்து கட்டத்துக்கு 31 மணி. மூன்று படி. 4-இலிருந்து 14. 14-இன் வர்க்கம் 196, இரண்டு போனால் 194, 31-ஆல் வகுத்தால் மீதி 8. எட்டின் வர்க்கம் 64, இரண்டு போனால் 62, மீதி பூஜ்யம். 31 பகா எண். பதினொரு கட்டத்துக்கு 2047 மணி, ஒன்பது படி. 14, 194, 788, 701, 119, 1877, 240, 282 என்று போய் 1736-இல் நிற்கிறது. பூஜ்யம் இல்லை. 2047 உடையும் என்று தெரிந்துவிட்டது. 23 தடவை 89 என்பதைத் தனியாகத்தான் தேட வேண்டும். நம் 67 கட்டத்துக்கு இந்த முறையில் 65 படிகள். பொறுமைசாலி ஒருவர் காகிதத்தில் போட்டுவிடலாம். லூகாஸ் அதே 1876-இல் தம் சோதனையைக் கொண்டு 127 கட்டக் குவியல் பகா எண் என்றும் காட்டினார். 39 இலக்கம். அதைவிடப் பெரிய பகா எண்ணை 1951 வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

விரிசல் இருக்கிறது என்று தெரிந்த பிறகு அது எங்கே என்று பார்க்க 27 ஆண்டுகள் ஆயின. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல் ஒரு கட்டுரை வாசிக்க வேண்டியிருந்தது. அவர் வாயே திறக்காமல் கரும்பலகைக்குப் போய் இரண்டை 67 தடவை பெருக்கி ஒன்றைக் கழித்து எழுதினாராம். பலகையின் மறுபக்கம் போய் 193707721-ஐயும் 761838257287-ஐயும் பள்ளிக்கூட முறையில் பெருக்கினாராம். இரண்டு விடைகளும் ஒன்றாக இருந்தன. பேசாமல் இடத்தில் போய் உட்கார்ந்தார், அரங்கு கைதட்டியது. இதை எழுதியவர் எரிக் டெம்பிள் பெல். கதையைக் கொஞ்சம் அலங்கரித்துச் சொல்வதில் பெல் பேர்போனவர், ஆகவே மௌனத்துக்கும் கைதட்டலுக்கும் நான் பொறுப்பில்லை. எவ்வளவு காலம் ஆயிற்று என்று பிற்பாடு தாம் கேட்டதாகவும், மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்று கோல் சொன்னதாகவும் பெல்தான் எழுதியிருக்கிறார்.

எண்களுக்கு மட்டும் யாருடைய சாட்சியமும் வேண்டாம். நீங்களே ஒரு பார்வை பார்க்கலாம். முதல் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 37. அதையும் கூட்டினால் 10, பிறகு 1. இரண்டாவது எண் 64. அதுவும் 10, பிறகு 1. பெருக்கற்பலனும் 1-இல்தான் முடிய வேண்டும். இருபத்தொரு இலக்கத்தைக் கூட்டிப் பாருங்கள், 109 வரும். அதுவும் 10, பிறகு 1. ஒத்துப்போகிறது. இதனாலேயே பெருக்கல் சரி என்று ஆகிவிடாது, பிழை இருந்தால் பெரும்பாலும் இங்கேயே பிடிபட்டிருக்கும் என்றுதான் பொருள். ஒரு தாளும் அரை மணி நேரமும் இருந்தால் முழுப் பெருக்கலையே போட்டுவிடலாம்.

கோல் கண்ணை மூடிக்கொண்டு தேடவில்லை. 67 கட்டக் குவியலின் எந்தக் காரணியும் 134-ஆல் வகுத்தால் மீதி 1 தந்தாக வேண்டும், 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 தந்தாக வேண்டும் என்பது முன்பே தெரிந்த விதி. 193707721-இல் ஒன்றைக் கழித்து 134-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதியில்லாமல் 1445580 வரும். இந்த விதி ஒன்றே பெரும்பாலான எண்களைத் தள்ளிவிடுகிறது. மிச்சமிருக்கும் லட்சக்கணக்கானவற்றை வர்க்கங்கள் விட்டுச்செல்லும் மீதிகளைக் கொண்டு இன்னும் சலித்தார். அப்படியும் ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

தேடுவதற்கு ஆண்டுக்கணக்கு, சரிபார்ப்பதற்கு அரை மணி. உடையும் என்று சொல்வது சுலபம், உடைத்துக் காட்டுவது கடினம். இந்த இடைவெளி அந்தக் காலத்தில் கணிதக்காரர்களின் தலைவலியாக மட்டும் இருந்தது. 1977-இல் எம்.ஐ.டி.யில் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் மூவரும் அதையே பூட்டாக மாற்றினார்கள். ஆர்.எஸ்.ஏ. என்ற பெயர் அவர்களின் முதலெழுத்துகள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி விடையை ஊருக்கே அறிவித்துவிடலாம். அதை வைத்து யாரும் செய்தியைப் பூட்டலாம். திறக்க வேண்டுமானால் அந்த இரண்டு எண்களும் தெரிய வேண்டும்.

பூட்டுச் செய்பவருக்குத் தட்டிப் பார்க்கும் வித்தை வேண்டும், திருடனுக்கு விரிசலைக் கண்டுபிடிக்கும் வித்தை வேண்டும். முன்னது மலிவு, பின்னது அருமை. இன்று பரவலாக இருக்கும் ஆர்.எஸ்.ஏ. பூட்டுக்கு 309 இலக்கப் பகா எண்கள் இரண்டு தேவை. அந்த அளவில் சராசரியாக எழுநூற்றுச் சொச்சம் எண்களுக்கு ஒன்று பகா எண். இரட்டை எண்களைத் தள்ளிவிட்டால் முந்நூற்றைம்பது சொச்சத்துக்கு ஒன்று. கணினி கைக்கு வந்த எண்ணை எடுத்துத் தட்டும், பிசிறினால் எறிந்துவிட்டு அடுத்ததை எடுக்கும். கண் இமைக்கும் நேரத்தில் முடியும் வேலை. வங்கி இணையதளங்களிலும் மின்கையொப்பங்களிலும் பல இந்தப் பூட்டை நம்பித்தான் நடக்கின்றன.

அதே 1977-இல் மார்ட்டின் கார்ட்னர் தம் பத்திரிகைப் பத்தியில் 129 இலக்க எண் ஒன்றைப் போட்டு, உடைப்பவருக்கு நூறு டாலர் என்று அறிவித்தார். கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். 1994-இல் சுமார் 600 தன்னார்வலர்களின் கணினிகள் சேர்ந்து உடைத்தன. 250 இலக்க எண் ஒன்று 2020-இல் உடைந்தது. இன்றைய பூட்டுகளின் 617 இலக்கம் இன்னும் நிற்கிறது.

தட்டும் கலையில் இந்தியாவுக்கு ஒரு பங்கு உண்டு. நடைமுறையில் கணினிகள் பயன்படுத்தும் சோதனைகள், பல தடவை தட்டிப் பார்த்துவிட்டுப் பகா எண்ணாக இருக்கக்கூடும் என்று சொல்பவை. தவறும் வாய்ப்பு அற்பமாக இருந்தாலும் பூஜ்யம் இல்லை. லூகாஸ் சோதனைக்குச் சந்தேகம் கிடையாது, ஆனால் அது மெர்சென் வகைக்கு மட்டும். எந்த எண்ணுக்கும் பொருந்தும், வேகமான, ஊகமே இல்லாத சோதனை சாத்தியமா என்று உலகம் கேட்டுக்கொண்டிருந்தது. 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பட்டம் முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்ற இரண்டு மாணவர்களும் சாத்தியம் என்று நிரூபித்தார்கள். சில பக்கக் கட்டுரை, படிக்கும் அளவுக்குத் தெளிவானது. அதிலும் காரணி எதுவும் வெளியே வராது.

காரணி தேடும் பக்கத்தில் இப்படி ஒரு வெற்றி இல்லை. அதைவிட முக்கியம், அது கடினம்தான் என்று நிரூபித்தவரும் இல்லை. பீட்டர் ஷோர் 1994-இல், குவாண்டம் கணினி ஒன்று பெரிதாகக் கட்டப்பட்டால் அது வேகமாக உடைத்துவிடும் என்று காட்டினார். சாதாரணக் கணினிக்கு அப்படி ஒரு வழி இருக்கிறதா இல்லையா, தெரியாது. கெட்டிக்காரர்கள் பலர் முயன்று தோற்றார்கள் என்பதே நம் பூட்டுக்கு இருக்கும் உத்தரவாதம். அந்த உத்தரவாதம் போதாது என்பது என் கருத்து, ஆனால் கையில் இருப்பது அதுதான்.

மெர்சென் வகையைத் துரத்துவது நின்றுவிடவில்லை. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பகா எண் 136279841 கட்டக் குவியல். நான்கு கோடியே பத்து லட்சத்துக்கு மேல் இலக்கங்கள். அதை உறுதிசெய்ததும் லூகாஸின் வழிதான். ஆனால் 1277 கட்டக் குவியல் வெறும் 385 இலக்கம். அது உடையும் என்று நெடுநாளாகத் தெரியும். அதன் காரணி ஒன்றைக்கூட யாரும் கண்டதில்லை.

காரணி தேடுவதைப் பொறுமைசாலிகளுக்கு விட்டுவிட்டு, நீங்கள் 13 கட்டத்தைத் தட்டிப் பாருங்கள். 8191 மணி, பதினோரு படி. சாதாரணக் கால்குலேட்டர் போதும். பத்தாவது படியில் 128 வந்திருந்தால் எங்கும் தவறவில்லை என்று பொருள். கடைசிப் படியைக் கையாலேயே போட்டுவிடலாம்.